இழுபறித் தொகுதியில் கருத்துக்கணிப்பு: அமெரிக்கத் தேர்தல் களத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வர்ஜீனியா மாநில சட்டமன்றத்தின் 94ஆவது தொகுதியில் 2017 நவம்பரில் தேர்தல் நடந்தது. மறு எண்ணிக்கையும் நீதிமன்ற வழக்கும் முடிந்த பிறகு இரண்டு வேட்பாளர்களும் சரியாக 11,608 வாக்குகளில் வந்து நின்றார்கள். அடுத்த ஜனவரியில் இருவர் பெயரையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். டேவிட் யான்சி பெயர் வந்தது. அவையில் குடியரசுக் கட்சிக்கு 51–49 என்ற பெரும்பான்மை அந்தச் சீட்டில்தான் கிடைத்தது. 2020இல் அயோவாவின் 2ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதி 6 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. 2024இல் கலிஃபோர்னியாவின் 13ஆவது தொகுதி 187 வாக்கில் கைமாறியது.

இப்படிப்பட்ட தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று எந்தக் கருத்துக்கணிப்பாலும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் நிறைய மனவருத்தம் மிச்சம். கணிப்பால் சொல்ல முடிந்தவை வேறு: போட்டி உண்மையிலேயே நெருக்கமா, இல்லை ஊர் பேசுவது மட்டும்தானா; யார் இன்னும் முடிவெடுக்கவில்லை; வேட்பாளர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்; எந்தப் பிரச்சினையைச் சொன்னால் காது கொடுக்கிறார்கள். இவற்றுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கட்சிப் பிரச்சாரக் குழுவிலோ, உள்ளூர் செய்தி நிறுவனத்திலோ, பல்கலைக்கழகத்திலோ முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். புள்ளியியல் பட்டம் தேவையில்லை. சதவீதக் கணக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

1. எதற்காகக் கேட்கிறோம் என்று எழுதி வையுங்கள்

ஒரே ஒரு பத்தி போதும். வெளியிடுவதற்கா, உள்ளுக்குள் முடிவெடுப்பதற்கா? உள்ளுக்குள் என்றால் எந்த முடிவு? விளம்பரப் பணத்தை எங்கே போடுவது என்பதற்கான கணிப்பும், எந்த வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கான கணிப்பும் ஒன்றல்ல. பதில் வந்தால் நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். தொலைபேசியில் ஒரு நிமிடம் நீண்டாலும் ஆட்கள் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எப்போது நடத்துவது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். கணிப்பின் ஆயுள் குறைவு. அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன: ஒரு குழு தான் எடுத்த கணிப்பைக் கூட்டாட்சிப் பதவிக்கு நிற்கும் வேட்பாளருக்குக் கொடுத்தால் அது நன்கொடையாகக் கணக்கில் வரும். ஆனால் முடிவு கைக்கு வந்து 15 நாள் தாண்டிய பிறகு கொடுத்தால் அதன் மதிப்பு பாதியாகக் குறையும். 60 நாள் தாண்டினால் 5 சதவீதம்தான். 180 நாளுக்குப் பிறகு மதிப்பே இல்லை. ஆகஸ்டில் எடுத்த எண்ணை அக்டோபரில் காட்டிப் பேசுபவரிடம் இந்த விதியைச் சொல்லலாம்.

2. தொகுதியின் எல்லையையும் விதியையும் சரிபாருங்கள்

காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் சராசரியாக 7 லட்சத்து 60 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். மாநில அவைகளில் இந்த அளவு தாறுமாறாக மாறும். நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஒருவருக்குச் சுமார் 3,400 மக்கள். கலிஃபோர்னியா மேலவையில் 40 பேர்தான். ஒருவருக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம். முதலாவதில் கருத்துக்கணிப்பு நடத்துவதைவிட வீடு வீடாகப் போய்விட்டு வந்துவிடலாம்.

எல்லை பழையதா புதியதா என்று பாருங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகுதான் எல்லை மாறும் என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. 2025இல் டெக்சஸ் தன் காங்கிரஸ் வரைபடத்தை நடுவிலேயே திருத்தியது. பதிலுக்குக் கலிஃபோர்னியா அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு வழியாகத் திருத்தியது. எண் அதே எண்ணாக இருக்கும், உள்ளே இருக்கும் மக்கள் வேறாக இருப்பார்கள். அஞ்சல் குறியீட்டை வைத்துத் தொகுதியைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒரே குறியீடு இரண்டு மூன்று தொகுதிகளுக்குள் சிதறிக் கிடப்பது சாதாரணம்.

வாக்களிக்கும் முறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் முதல்கட்டத் தேர்தலில் முதலிரண்டு இடம் பிடித்தவர்கள் இறுதிக்குப் போகிறார்கள். இருவரும் ஒரே கட்சியாகக்கூட இருக்கலாம். அலாஸ்காவிலும், மெய்ன் மாநிலத்தின் காங்கிரஸ் தேர்தலிலும் வாக்காளர்கள் விருப்ப வரிசை எழுதுகிறார்கள். 2018இல் மெய்ன் 2ஆவது தொகுதியில் முதல் சுற்றில் புரூஸ் பாலிக்வின் முன்னணியில் இருந்தார். மற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பங்கள் சேர்ந்ததும் ஜாரெட் கோல்டன் வென்றார். இரண்டாவது விருப்பத்தைக் கேட்காத கணிப்பு அங்கே பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கும்.

3. வாக்காளர் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

தேசிய அளவிலான கணிப்பில் தொலைபேசி எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு உருவாக்கி அழைத்த காலம் உண்டு. தொகுதியில் அது எடுபடாது. கைபேசி எண்ணின் பகுதிக் குறியீடு, அதை வாங்கியபோது ஆள் எங்கே இருந்தார் என்பதைத்தான் காட்டும். இப்போது எங்கே குடியிருக்கிறார் என்று காட்டாது. ஆகவே பதிவு செய்த வாக்காளர்களின் பட்டியல்தான் அடித்தளம். 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாநிலமும் மாநிலம் முழுமைக்கும் ஒரே கணினிப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்றது. வடக்கு டகோட்டா மட்டும் விதிவிலக்கு. அங்கே வாக்காளர் பதிவு என்பதே கிடையாது.

பட்டியலை மாநில அலுவலகத்திலேயே வாங்கலாம். யாருக்குக் கொடுப்பார்கள், என்ன கட்டணம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பது அந்தந்த மாநிலச் சட்டம். அல்லது தொலைபேசி எண்களைப் பொருத்தித் தரும் தனியார் நிறுவனங்களிடம் வாங்கலாம். பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் மாநிலப் பட்டியலில் எண் இல்லாத பெயர்கள் ஏராளம்.

அதில் என்ன இருக்கும்? பெயர், முகவரி, வயது, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்ற வரலாறு. யாருக்குப் போட்டார் என்பது எங்கும் இருக்காது. புதிதாக வருபவர்கள் பலர் இதை நம்புவதில்லை, மறுபடி மறுபடி கேட்பார்கள். கட்சிப் பதிவு சில மாநிலங்களில் உண்டு. டெக்சஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின், வர்ஜீனியா போன்றவற்றில் இல்லை. ஜார்ஜியா, வட கரோலினா, ஃப்ளோரிடா உள்ளிட்ட சில தென் மாநிலங்களில் இனமும் பதிவாகியிருக்கும். மற்ற இடங்களில் விற்பனை நிறுவனம் பெயரையும் வசிக்கும் பகுதியையும் வைத்து ஊகித்திருக்கும். எது பதிவு, எது ஊகம் என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எண் கிடைக்காதவர்கள் யார் என்றும் பாருங்கள். அடிக்கடி வீடு மாறும் வாடகைதாரர்கள், இளைஞர்கள், அண்மையில் பதிவு செய்தவர்கள். இவர்கள் உங்கள் கணிப்பில் இல்லாமலே போய்விடுவார்கள். இதைப் பின்னால் எடைபோட்டு, அதாவது குறைவாகக் கிடைத்த பிரிவினரின் பதிலுக்கு மதிப்பைக் கூட்டி, ஓரளவுதான் சரிசெய்ய முடியும்.

4. யார் வாக்களிக்கப் போகிறார்கள்?

இந்தப் படியில்தான் இழுபறித் தொகுதிக் கணிப்புகள் பிழைப்பதும் சாவதும்.

அமெரிக்காவில் தகுதியுள்ளவர்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்பது தேர்தலுக்குத் தேர்தல் தாவும். அதிபர் தேர்தல் நடந்த 2020இல் மூன்றில் இரண்டு பங்கு. அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே வரும் இடைக்காலத் தேர்தல் ஆண்டான 2014இல் 37 சதவீதத்தைத் தொடவில்லை. அடுத்த இடைக்காலத் தேர்தலான 2018இல் பாதிப் பேர் வந்தார்கள். மாநில அவைக்கான தேர்தல் தனியாக வரும் ஆண்டுகளில் இன்னும் குறையும். நீங்கள் அழைக்கும் ஆட்களில் கணிசமானவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே வரமாட்டார்கள். ஆனால் கேட்டால் வருவேன் என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கே அப்படித் தோன்றும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். வழக்கமாக வாக்களிப்பவர்களிடம் ‘அ’ வேட்பாளருக்கு 46, ‘ஆ’ வேட்பாளருக்கு 50 சதவீதம். எப்போதாவது வருபவர்களிடம் ‘அ’வுக்கு 54, ‘ஆ’வுக்கு 40. வாக்களிப்பவர்களில் எப்போதாவது வருபவர்கள் 30 சதவீதம் என்று நீங்கள் வைத்தால், 48.4க்கு 47 என்று ‘அ’ முந்துகிறார். 20 சதவீதம் என்று வைத்தால், 48க்கு 47.6 என்று ‘ஆ’ முந்துகிறார். வாக்காளர் ஒருவர்கூட மனம் மாறவில்லை. மாறியது உங்கள் ஊகம் மட்டும்.

இது தாளில் மட்டும் நடப்பதில்லை. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஃப்ளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் கேட்ட பதில்களை, மாற்றாமல் அப்படியே, நான்கு தனித்தனிக் கணிப்பாளர் குழுக்களிடம் கொடுத்தது. டைம்ஸின் சொந்தக் கணக்கையும் சேர்த்து ஐந்து விடைகள் வந்தன. ஹிலரி கிளின்டனுக்கு 4 புள்ளி முன்னிலை என்பதிலிருந்து டொனால்டு டிரம்புக்கு 1 புள்ளி முன்னிலை என்பது வரை. ஒரே பதில்கள், ஐந்து புள்ளி இடைவெளி. யாரை வாக்காளராகக் கணக்கில் எடுப்பது, எப்படி எடைபோடுவது என்பதில் வந்த வேறுபாடுதான் அத்தனையும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பட்டியலில் உள்ள வாக்களிப்பு வரலாற்றையும் ஆள் சொல்வதையும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் வாக்களிக்கும் வாய்ப்பாக 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் கொடுங்கள். பட்டியல் விற்கும் நிறுவனங்கள் பலவும் தங்கள் மதிப்பெண்ணைத் தருகின்றன. ஒரு கோட்டைப் போட்டு அதற்குக் கீழே இருப்பவர்களை மொத்தமாகத் தள்ளிவிடும் பழைய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். 40 மதிப்பெண் உள்ளவர்கள் நூறு பேர் இருந்தால் அவர்களில் நாற்பது பேர் வருவார்கள், அவர்களின் குரலும் கணக்கில் வர வேண்டும். கடந்த இரண்டு தேர்தலிலும் வாக்களித்தவர்களை மட்டும் அழைப்பது இன்னும் மோசம். புதிதாக 18 வயதானவர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் அதில் ஒருநாளும் வரமாட்டார்கள்.

அப்புறம், ஒரே ஒரு வாக்களிப்பு ஊகத்தை வைத்து முடிவு எழுதாதீர்கள். குறைந்த வாக்குப்பதிவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கணக்குப் போடுங்கள். மூன்றிலும் ஒரே வேட்பாளர் முந்தினால் அது ஒரு செய்தி. மூன்றில் ஆள் மாறினால் அது இன்னும் முக்கியமான செய்தி: இந்தத் தொகுதியில் மனதை மாற்றுவதைவிட ஆளைக் கூட்டி வருவதில்தான் வேலை இருக்கிறது.

5. எத்தனை பேரிடம் கேட்பது

மாதிரியின், அதாவது கேட்கப்பட்டவர்களின், அளவும் பிழை வரம்பும் இப்படி நிற்கும் (95 சதவீத நம்பகத்தில், அதாவது இப்படி நூறு கணிப்பு எடுத்தால் சுமார் 95இல் உண்மை நிலை இந்த வரம்புக்குள் இருக்கும்): 400 பேர் என்றால் கூட்டல் கழித்தல் 4.9 புள்ளி, 500 பேர் என்றால் 4.4, 600 பேர் என்றால் 4.0, ஆயிரம் பேர் என்றால் 3.1. தொகுதி பெரியதா சிறியதா என்பது இதில் கிட்டத்தட்டப் பொருட்டில்லை. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும் என்பதால் ஓர் அளவுக்கு மேல் பணம் கரைவதுதான் மிச்சம். தொகுதிக்கு 400 முதல் 600 என்பது நடைமுறை. 2018இல் நியூயார்க் டைம்ஸும் சியெனா கல்லூரியும் சேர்ந்து காங்கிரஸ் தொகுதிகளில் நடத்திய கணிப்புகளும் தொகுதிக்குச் சுமார் 500 பேர்தான்.

இந்த எண்ணிக்கையை எட்டுவது எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் பாருங்கள். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2012இல் 9, 2018இல் 6. தொகுதிக் கணிப்பில் இப்போது 1, 2 சதவீதம் கிடைப்பதே வழக்கம். பதிவு செய்த வாக்காளர் 55,000 பேர் உள்ள ஒரு மாநில அவைத் தொகுதியில் 65 சதவீதம் பேருக்கு எண் இருந்தால் சுமார் 36,000 எண்கள். 1.5 சதவீதம் பதில் தந்தால் 540 பேர். அதாவது ஒரு கணிப்புக்கே தொகுதியின் எண்கள் மொத்தமும் தீர்ந்துவிட்டன. இரண்டாவது கணிப்பு நடத்த வேண்டுமானால் அதே ஆட்களைத்தான் மறுபடி தொந்தரவு செய்ய வேண்டும். கடும்போட்டித் தொகுதி என்றால் எதிர்க்கட்சியும் செய்தி நிறுவனங்களும் அதே ஆட்களை அழைத்துக்கொண்டிருப்பார்கள். சிறிய தொகுதியில் எத்தனை கணிப்பு தாங்கும் என்பதைத் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள்.

6. எந்த வழியில் அணுகுவது

மனிதர் பேசும் தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பி இணையத்தில் நிரப்பச் சொல்வது, அஞ்சல் அட்டை ஆகியவை பொதுவாகப் பயன்படுபவை. ஒன்றை மட்டும் நம்பாமல் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் கலப்பது நல்லது. வயதானவர்கள் பேசுவார்கள், இளையவர்கள் தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டார்கள், ஆனால் இணைப்பைத் தொடுவார்கள். தன்னார்வமாகப் பதிவு செய்தவர்களைக் கொண்ட இணையக் குழுக்கள் தேசிய அளவில் பயன்படலாம். ஒரு தொகுதிக்குள் தேடினால் போதுமான ஆள் இருக்கமாட்டார்கள்.

சட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மிகவும் கவனம் தேவை. 1991ஆம் ஆண்டின் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முன்கூட்டிய சம்மதம் இல்லாமல் கைபேசிக்குத் தானியங்கிக் கருவியாலோ பதிவுசெய்த குரலாலோ அழைக்கக் கூடாது. மீறினால் ஓர் அழைப்புக்கு 500 டாலர். தெரிந்தே செய்திருந்தால் 1,500 வரை. ஆயிரக்கணக்கான எண்களால் பெருக்கிப் பாருங்கள். எது தானியங்கிக் கருவி என்பதை 2021இல் உச்ச நீதிமன்றம் குறுக்கி வரையறுத்தது. ஆனாலும் கவனமான நிறுவனங்கள் கைபேசி எண்களை ஆள் கையால் அழுத்தியே அழைக்கின்றன. பதிவுசெய்த குரல் வீட்டுத் தொலைபேசியோடு நிற்கட்டும். ஒப்பந்தம் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

7. கேள்வித்தாள்

வரிசைதான் இதில் பாதி. முதலில் இந்த முகவரியில்தான் இன்னும் இருக்கிறாரா, வாக்களிப்பாரா, ஏற்கெனவே வாக்களித்துவிட்டாரா என்று கேளுங்கள். தபால் வாக்கும் முன்கூட்டிய வாக்குப்பதிவும் பெருகிவிட்ட நிலையில் அக்டோபரில் உங்களிடம் பேசுபவர்களில் ஒரு பகுதியினர் வேலையை முடித்திருப்பார்கள். அவர்களிடம் “யாருக்குப் போட்டீர்கள்” என்றும் மற்றவர்களிடம் “இன்றே தேர்தல் நடந்தால் யாருக்குப் போடுவீர்கள்” என்றும் கேள்வி பிரிய வேண்டும். பல மாநிலங்களில் யாருடைய வாக்குச்சீட்டு திரும்பி வந்தது என்ற விவரம் தேர்தலுக்கு முன்பே வெளியாகும். அதைப் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து உடனே வேட்பாளர் கேள்வி. வரி, கருக்கலைப்பு, எல்லைப் பாதுகாப்பு என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டு அதன்பிறகு யாருக்கு வாக்கு என்று கேட்டால், அந்தப் பத்தும் பதிலுக்குள் புகுந்துவிடும். வாக்குச்சீட்டில் வரப்போவது போலவே பெயரையும் கட்சியையும் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு ‘அ’ முதலில், பாதிப் பேருக்கு ‘ஆ’ முதலில். சிறிய கட்சி வேட்பாளர் சீட்டில் இருந்தால் அவரையும் சொல்லியே ஆக வேண்டும். 187 வாக்கில் முடியும் தொகுதியில் அவருடைய 2 சதவீதம் சின்ன விஷயமில்லை.

தெரியவில்லை என்பவரிடம் “எந்தப் பக்கம் கொஞ்சமாவது சாய்கிறீர்கள்” என்று ஒருமுறை கேளுங்கள். ஒருமுறைதான். சாய்வுடன் ஓர் எண், சாய்வில்லாமல் ஓர் எண் என இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மாநில அவைத் தேர்தலில் முடிவெடுக்காதவர்கள் கால்பங்குக்கு மேல் வந்தாலும் அதிர்ச்சி வேண்டாம். அவர்களுக்கு வேட்பாளர் யார் என்றே தெரியாது. கடைசியில் பெரும்பாலும் கட்சியைப் பார்த்துப் போடுவார்கள். அதிபரையோ ஆளுநரையோ பற்றிய அபிப்பிராயத்தைக் கேட்டு வைத்திருந்தால் இவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று ஓரளவு தெரியும்.

பிரச்சாரக் குழுக்கள் தாளின் பின்பகுதியில் வேட்பாளர்களைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சில வாசகங்களைப் படித்துக் காட்டி எது எடுபடுகிறது என்று சோதிப்பது வழக்கம். தவறில்லை. வாசகம் உண்மையாக இருக்க வேண்டும், இரு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும். அதன் பிறகு கேட்கும் இரண்டாவது வேட்பாளர் கேள்வியின் முடிவை “நாங்கள் முந்துகிறோம்” என்று வெளியிடுவதுதான் தவறு. செய்தியாளராக இருந்தால் கட்சிக்காரர் நீட்டும் கணிப்பில் முதலில் கேட்க வேண்டியது, இது முதல் கேள்வியின் எண்ணா, இரண்டாவதின் எண்ணா என்பதே. கணிப்பு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோரை அழைத்து ஒருவரைப் பற்றி அவதூறு பரப்புவது வேறு ரகம். அதற்கும் கருத்துக்கணிப்புக்கும் சம்பந்தமில்லை.

பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். குறுஞ்செய்தி வழி என்றால் ஐந்து.

8. களத்தில்

மூன்று முதல் ஐந்து நாள், வார நாள் மாலைகளும் ஒரு வார இறுதியும் சேர்ந்து வரும்படி. எடுக்காதவரை வேறு நாள், வேறு நேரம் மறுபடி அழையுங்கள். சுலபமாகக் கிடைப்பவர்களை மட்டும் சேர்த்தால் ஓய்வுபெற்றவர்களின் கணிப்பாகிவிடும். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு, தெற்கு டெக்சஸ் போன்ற இடங்களில் ஸ்பானிஷ் பேசும் அழைப்பாளர் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறியவரைப் பிறகு திருப்பி அழைப்பது காகிதத்தில்தான் நடக்கும்.

தினமும் இரவில் பதில்களைத் திறந்து பாருங்கள். வயது, பாலினம், கட்சிப் பதிவு, தொகுதிக்குள் எந்த மாவட்டம் என்ற கணக்கை மட்டும். யார் முந்துகிறார் என்பதை நடுவில் பார்க்க ஆரம்பித்தால் பிடித்த எண் வந்த அன்று நிறுத்தத் தோன்றும்.

9. எடைபோடுதல்

வந்த பதில்கள் தொகுதியைப் போல் இருக்காது. முதியவர்கள் கூடுதல், பட்டதாரிகள் கூடுதல், அரசியல் ஆர்வம் உள்ளவர்கள் மிகக் கூடுதல். குறைந்தவர்களுக்கு எடை கூட்டி, மிகுந்தவர்களுக்கு எடை குறைத்து, வாக்களிக்கப் போகிறவர்களின் அமைப்புக்குக் கொண்டுவர வேண்டும். வயதுக்குச் சரிசெய்தால் பாலினம் கலையும், பாலினத்துக்குச் சரிசெய்தால் கட்சி கலையும். அதனால் ஒவ்வொன்றாக மாறி மாறி, எல்லாம் நிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். 1940இல் டெமிங், ஸ்டீஃபன் என்ற இருவர் எழுதிய முறை. இன்று எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் உண்டு.

வயது, பாலினம், இனம், கட்சிப் பதிவு, தொகுதிக்குள் பகுதி, வாக்களிப்பு வரலாறு ஆகியவற்றின் இலக்கு எண்களைப் பட்டியலிலிருந்தே எடுக்கலாம். கல்வி பட்டியலில் இருக்காது. அதைக் கேள்வித்தாளில் கேட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் காங்கிரஸ் தொகுதிக்கும் மாநில அவைத் தொகுதிக்கும் தனித்தனியாக வெளியிடும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கல்வியை விட்டுவிடாதீர்கள். 2016இல் மாநில அளவிலான கணிப்புகள் பல சறுக்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பட்டம் பெறாதவர்கள் மாதிரியில் குறைந்ததைச் சரிசெய்யாமல் விட்டது. கல்வி வாக்கைப் பிரிக்காத காலத்தில் அது வெளியே தெரியவில்லை, பிரித்தபோது தெரிந்தது.

“போன அதிபர் தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்” என்ற பதிலை வைத்து எடைபோடலாமா என்பதில் தொழிலுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. வென்றவருக்குப் போட்டதாக நினைவு தடுமாறுபவர்கள் உண்டு. என் கருத்து: அதைச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். வாக்குச்சாவடிப் பகுதிவாரியான முடிவுகளை எடுத்து, இன்றைய எல்லைக்குள் 2024 அதிபர் தேர்தல் என்னவாக இருந்தது என்று கூட்டிப் பாருங்கள். உங்கள் மாதிரி அதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் எங்கோ ஒரு பக்கம் ஆள் குறைந்திருக்கிறது என்று பொருள். எங்கே என்று தேடுங்கள்.

ஒரே ஆளுக்கு ஐந்து ஆறு மடங்கு எடை போனால் உச்சவரம்பு வைத்து வெட்டிவிடுங்கள். எடைபோட்டதற்கும் விலை உண்டு. 500 பேர் பேசியிருந்தாலும், எடைகளின் ஏற்ற இறக்கத்தால் அது 350 பேரிடம் கேட்ட அளவுக்கே உறுதியாக இருக்கலாம். பிழை வரம்பு 4.4 இல்லை, 5.2. இந்தப் பெரிய எண்ணைத்தான் வெளியே சொல்ல வேண்டும்.

10. முடிவைப் படிப்பதும் வெளியிடுவதும்

500 பேரிடம் கேட்டதில் 48க்கு 44 என்று வந்திருக்கிறது என்று வையுங்கள். பிழை வரம்பு 4.4, முன்னிலை 4, ஏறத்தாழ உறுதி என்று சிலர் எழுதுவார்கள். அந்த 4.4 ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கான வரம்பு. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு: இந்த எடுத்துக்காட்டில் 8.4, எடையின் தாக்கத்தையும் சேர்த்தால் 10க்கு அருகில். அதாவது இது சமநிலை, லேசான சாய்வு. உட்பிரிவுகளில் இன்னும் மோசம்; 500 பேரில் 30 வயதுக்குக் கீழானவர்கள் 50 பேர் இருந்தால் அவர்களைப் பற்றித் தலைப்புச் செய்தி எழுத வேண்டாம். இந்த வரம்புகூட மாதிரியின் தற்செயல் பிழையை மட்டும் அளக்கிறது. பதிலே சொல்லாதவர்கள் வேறு மாதிரி வாக்களித்தால் அது இதற்குள் அடங்காது. 2020இல் நாடு முழுவதும் நடந்ததும் அதுவாக இருக்கலாம்.

வெளியிடும்போது இவற்றைச் சேர்த்து வெளியிடுங்கள்: யார் பணம் கொடுத்தது, எந்தத் தேதிகள், எத்தனை பேர், எந்தப் பட்டியல், எந்த வழி, எந்த மொழி, வாக்களிப்போர் எப்படித் தீர்மானிக்கப்பட்டனர், எவற்றுக்கு எடைபோடப்பட்டது, கேள்விகளின் முழு வாசகம், கேட்ட வரிசை. 1947இலிருந்து இயங்கும் அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வாளர் சங்கம் கேட்பதும் பெரும்பாலும் இவைதான். கட்சிக்குழு பணம் கொடுத்த கணிப்பு வெளியே வருகிறதென்றால், பிடிக்காத முடிவுகள் உள்ளேயே இருந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு படிப்பது பாதுகாப்பு.

தேர்தல் முடிந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். சில மாதங்களில் மாநிலப் பட்டியலில் யார் வாக்களித்தார்கள் என்பது புதுப்பிக்கப்படும். உங்களிடம் பேசிய 500 பேரையும் அதில் தேடிப் பாருங்கள். வருவேன் என்றவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், 40 மதிப்பெண் கொடுத்தவர்களில் உண்மையில் நாற்பது சதவீதம் வந்தார்களா, எந்த வயதினரை அதிகமாக நம்பினீர்கள் என்று பெயர் பெயராகத் தெரியும். அந்த அட்டவணையை அடுத்த தேர்தலுக்கான கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு.